மின்சாரத்தின் மூன்று அளவைகள்

நமது கிராமங்களில் மின்சாரத்தைக் குறித்து மூன்று முறையீடுகள் ஓயாது எழுவதைக் காண்கிறோம். "வோல்டேஜ் இல்லை, மோட்டார் எடுக்கவில்லை" என்பது ஒன்று. "லோடு அதிகம், பியூஸ் போய்விட்டது" என்பது மற்றொன்று. "எர்த் சரியில்லை, மோட்டாரைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது" என்பது மூன்றாவது. இவற்றைக் கூறுவோர் தாம் அறியாமலேயே மின்னியலின் மூன்று அடிப்படை அளவைகளைச் சுட்டிவிடுகின்றனர். முதலாவது மின்னழுத்தம், இரண்டாவது மின்னோட்டம், மூன்றாவது மின்தடை. இம்மூன்றும் ஒன்றோடொன்று எவ்வாறு தொடர்புற்றுள்ளன என்பதை அறிந்தவருக்கு இம்முறையீடுகளின் காரணமும் பரிகாரமும் எளிதில் விளங்கும்.

1932-ஆம் ஆண்டில் பைகாராவிலும், 1937-இல் மேட்டூரிலும், 1944-இல் பாபநாசத்திலும் நீர்மின் நிலையங்கள் இயங்கத் தொடங்கின. அக்காலத்தில் மின்விளக்கு என்பது நகரத்தார் காணும் பொருளாகவே இருந்தது. இன்றோ குடிநீர், பாசனம், மாவரைத்தல், படிப்பு ஆகிய யாவும் கிராமத்தில் மின்சாரத்தை நம்பியே நடைபெறுகின்றன. இவ்வளவு நெருங்கிப் பழகும் ஒரு சக்தியின் இயல்பை அறியாதிருப்பது பொருள் நஷ்டத்திற்கும், சில வேளைகளில் உயிர்ச்சேதத்திற்கும் இடமளிக்கிறது. ஆகவே அதன் இயல்பை இக்கட்டுரையில் சற்று விரிவாகக் காண்போம்.

மேல்நிலைத் தொட்டி கற்பிக்கும் பாடம்

ஊராட்சியின் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியை எண்ணிப் பாருங்கள். தொட்டி உயரத்தில் இருப்பதனாலேயே நீர் தெருக் குழாய்க்கு விசையோடு வருகிறது. தொட்டியைத் தரையில் வைத்துவிட்டால், அதில் எவ்வளவு நீர் இருப்பினும் குழாயில் சொட்டு நீரும் வாராது. நீரைத் தள்ளுவது உயர வேறுபாடு. அதுபோன்றே மின்சாரத்தைக் கம்பியில் தள்ளுவது இரு முனைகளுக்கிடையே உள்ள மின்னழுத்த வேறுபாடாகும். இதனை வோல்ட் என்னும் அலகால் அளக்கிறோம். 1800-ஆம் ஆண்டில் முதல் மின்கல அடுக்கைச் செய்து காட்டிய இத்தாலிய விஞ்ஞானி வோல்டாவின் பெயரால் இவ்வலகு வழங்குகிறது.

குழாயில் ஒரு விநாடிக்கு எத்தனை லிட்டர் நீர் பாய்கிறது என்று கணக்கிடலாமல்லவா? அவ்வாறே கம்பியில் ஒரு விநாடிக்கு எவ்வளவு மின்னேற்றம் கடந்து செல்கிறது என்பதே மின்னோட்டம். இதன் அலகு ஆம்பியர். பிரெஞ்சு அறிஞர் ஆம்பியரின் பெயர் அது. ஓர் ஆம்பியர் ஓட்டம் என்றால், கம்பியின் ஓரிடத்தை ஒரு விநாடியில் கடக்கும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை 6 என்னும் எண்ணுக்குப்பின் பதினெட்டுச் சுழிகளை இட்டால் வரும் தொகையைவிடச் சற்று அதிகம்.

மூன்றாவது அளவை தடை. ஒரே தொட்டியிலிருந்து வரும் நீர் அகன்ற குழாயில் மிகுதியாகவும், குறுகிய குழாயில் குறைவாகவும் பாய்கிறது. குழாய் நீளமானால் ஓட்டம் மேலும் தளர்கிறது. கம்பியும் அத்தகையதே. மெல்லிய கம்பிக்குத் தடை அதிகம். தடித்த கம்பிக்குக் குறைவு. நீளம் இருமடங்கானால் தடையும் இருமடங்காகும். செம்பின் தடை குறைவு. அதே நீளமும் தடிமனும் கொண்ட அலுமினியக் கம்பியின் தடை செம்பைப்போல் ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகம். உலர்ந்த மரம், ரப்பர், பீங்கான் ஆகியவற்றின் தடை மிகப் பெரிது. எனவேதான் மின்கம்பத்தில் பீங்கான் குமிழ்களை வைத்துக் கம்பியைக் கட்டுகின்றனர்.

நீருக்கும் மின்சாரத்திற்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. குழாய் உடைந்தால் நீர் வெளியே கொட்டும். மின்சாரமோ புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வர வழியிருந்தால்தான் ஓடும். இவ்வழியைச் சுற்று என்கிறோம். சுவிட்சை அணைப்பது என்பது இச்சுற்றை ஓரிடத்தில் துண்டிப்பதன்றி வேறில்லை.

ஓம் கண்ட விதி

ஜெர்மனியில் கொலோன் நகரப் பள்ளியில் ஆசிரியராக இருந்த கியோர்க் ஓம் என்பவர் பலவகைக் கம்பிகளை வைத்துச் சோதனைகள் செய்து, 1827-ஆம் ஆண்டில் தாம் கண்ட முடிவை நூலாக வெளியிட்டார். அவரது நாட்டில் அதற்கு உடனே உரிய மதிப்புக் கிடைக்கவில்லை. 1841-இல் லண்டன் ராயல் சங்கம் காப்ளி பதக்கத்தை அளித்து அவரைக் கௌரவித்தது. தடையின் அலகு இன்று அவர் பெயராலேயே ஓம் என வழங்குகிறது.

அவ்விதி மிக எளியது. மின்னழுத்தத்தைத் தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். அதாவது அழுத்தம் ஏறினால் ஓட்டம் ஏறும். தடை ஏறினால் ஓட்டம் குறையும்.

கையடக்க டார்ச் விளக்கை உதாரணமாகக் கொள்வோம். அதில் 1.5 வோல்ட் கொண்ட இரு மின்கலங்களை வரிசையாக அடுக்கியுள்ளோம். ஆகவே மொத்த அழுத்தம் 3 வோல்ட். அதிலுள்ள இழை பல்பின் தடை 10 ஓம் என்று வைத்துக்கொண்டால், ஓட்டம் 0.3 ஆம்பியர். மின்கலங்கள் தளர்ந்து அழுத்தம் 2 வோல்ட்டாக இறங்கும்போது, தடை மாறாதிருக்குமானால், ஓட்டம் 0.2 ஆம்பியராகிறது, வெளிச்சம் மங்குகிறது.

வீட்டிற்கு வரும் ஒருமுனை மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி சூடேறிய நிலையில் அதன் தடை சுமார் 53 ஓம். 230-ஐ 53-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 4.3 ஆம்பியர். அழுத்தத்தையும் ஓட்டத்தையும் பெருக்கினால் வருவது திறன், அதுவே வாட். 1,000 வாட் பொருள் ஒரு மணி நேரம் இயங்கினால் மீட்டரில் ஒரு யூனிட் ஏறும்.

தொடர் இணைப்பும் பக்க இணைப்பும்

கோயில் திருவிழாவில் தொங்கவிடும் பழைய சீரியல் பல்புச் சரத்தை நாம் கண்டிருக்கிறோம். 6 வோல்ட் பல்புகள் நாற்பதை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து 230 வோல்ட்டில் இணைத்தால், அழுத்தம் அவற்றிற்கிடையே பங்காகி ஒவ்வொன்றுக்கும் 6 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். ஒரு பல்பின் இழை அறுந்தால் சுற்று அறுந்து சரம் முழுவதும் அணைந்துவிடும். இது தொடர் இணைப்பு.

வீட்டு விளக்குகள் அவ்வாறில்லை. ஒன்று அணைந்தாலும் மற்றவை எரிகின்றன. ஒவ்வொரு பொருளும் இரு கம்பிகளுக்கு நடுவே தனித்தனியே இணைக்கப்பட்டு, ஒவ்வொன்றும் 230 வோல்ட்டை முழுமையாகப் பெறுகிறது. இது பக்க இணைப்பு. இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. புதிதாக ஒரு பொருளை இணைக்கும்போதெல்லாம் மின்சாரம் செல்ல மேலும் ஒரு வழி திறக்கிறது. எனவே மொத்தத் தடை குறைந்து மொத்த ஓட்டம் பெருகுகிறது. ஒரே பிளக்கில் பெட்டிமேல் பெட்டியாகச் செருகி இஸ்திரிப் பெட்டி, கிரைண்டர், ஹீட்டர் ஆகியவற்றை ஒருசேர இயக்குவோர், அத்தனை பொருள்களின் ஓட்டமும் சுவரிலுள்ள அந்த ஒரே கம்பியின் வழியாகவே வருகிறது என்பதை மறந்துவிடுகின்றனர்.

கம்பி சூடேறுவது ஏன்?

தடையுள்ள கம்பியில் மின்சாரம் ஓடும்போது வெப்பம் பிறக்கிறது. அவ்வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப வளரும் என்பதை ஜூல் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி 1841-இல் வெளியிட்டார். ஓட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. மும்மடங்கானால் ஒன்பது மடங்கு. மிகையான லோடு ஆபத்தாவது இதனாலேயே.

தளர்ந்த இணைப்பும் இதே விதிக்கு உட்பட்டது. கம்பிகளை முறுக்கி டேப் சுற்றிய ஓரிடத்தில் துரு ஏறித் தடை அரை ஓம் ஆகிவிட்டது என்று கொள்வோம். அதில் 10 ஆம்பியர் ஓடினால், அந்த ஒரே புள்ளியில் 50 வாட் வெப்பம் உண்டாகிறது. அதற்கு மேல் கூரை ஓலையாக இருப்பின் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வெப்பத்தை நமக்குக் காவலாக அமைத்துக்கொண்டதே பியூஸ். சுற்றில் வேண்டுமென்றே ஒரு மெல்லிய கம்பியைத் தொடராக வைக்கிறோம். ஓட்டம் அளவு மீறினால் வீட்டுக் கம்பி சூடாகு முன் அது உருகி அறுந்து சுற்றைத் துண்டிக்கிறது. அடிக்கடி போகிறதே என்று சலித்து, அவ்விடத்தில் தடித்த செம்புக் கம்பியையோ ஆணியையோ வைப்பவர் காவற்காரனை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பவருக்கு ஒப்பாவார். அதன்பின் உருகுவது பியூஸ் அன்று, சுவருக்குள்ளிருக்கும் கம்பி.

குறைந்த வோல்டேஜும் எரியும் மோட்டாரும்

இனி விவசாயிகளையும் ஊராட்சிகளையும் பெரிதும் வருத்தும் விஷயத்திற்கு வருவோம். ஊர் எல்லையில் நிற்கும் டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டை வாங்கி, மும்முனையில் சுமார் 400 வோல்ட்டாகவும் ஒருமுனையில் 230 வோல்ட்டாகவும் மாற்றித் தருகிறது. அவ்வளவு உயர்ந்த அழுத்தத்தில் மின்சாரத்தை ஊர்வரை கொண்டு வருவானேன்? ஒரே அளவு திறனைக் கொண்டுவர அழுத்தம் உயர உயர ஓட்டம் குறைந்தால் போதும். 23,000 வாட்டை 230 வோல்ட்டில் ஒரு சோடிக் கம்பியில் கொண்டுவர 100 ஆம்பியர் தேவை. 11,000 வோல்ட்டில் இரண்டு ஆம்பியருக்குச் சற்று அதிகமே போதும். வெப்பமாக வீணாவது ஓட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாதலால், அதே கம்பியில் நஷ்டம் இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகிறது.

டிரான்ஸ்பார்மரைத் தாண்டியபின் இவ்வசதி இல்லை. மீட்டரிலிருந்து 100 மீட்டர் தொலைவிலுள்ள கிணற்றுக்கு ஒருவர் 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியை இழுத்துள்ளார் என்று கொள்வோம். போகவும் வரவும் 200 மீட்டர். தடை சுமார் 3.4 ஓம். மோட்டார் 5 ஆம்பியர் இழுத்தால், கம்பியிலேயே 17 வோல்ட் இழப்பாகிறது. 85 வாட் வெப்பமாகக் காற்றில் கலக்கிறது. 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டிருந்தால் இழப்பு ஏறக்குறைய 7 வோல்ட்டோடு நின்றிருக்கும். கம்பியில் மிச்சம் பிடித்த பணம் மோட்டார் ரீவைண்டிங் செலவில் போய்விடுவதைப் பலரும் அனுபவத்தில் அறிவர்.

இங்கே ஓர் ஐயம் எழக்கூடும். அழுத்தம் குறைந்தால் ஓட்டமும் குறைய வேண்டும் என்று ஓம் விதி கூறுகிறதே. அங்ஙனமாயின் வோல்டேஜ் குறையும்போது மோட்டார் ஏன் எரிகிறது? விடை இதுதான். இஸ்திரிப் பெட்டி வெறும் தடை, மோட்டார் அவ்வாறன்று. சுழலும் மோட்டார் உள்ளே வரும் மின்சாரத்தை எதிர்த்துத் தானும் ஓர் அழுத்தத்தை உண்டாக்குகிறது. அந்த எதிரழுத்தமே அதன் ஓட்டத்தை அளவில் நிறுத்தி வைக்கிறது. கிணற்றிலிருந்து ஏற்ற வேண்டிய நீரின் பாரம் மாறாதிருக்க, வரும் அழுத்தம் குறையுமானால், அதே வேலையைச் செய்ய மோட்டார் அதிக ஓட்டத்தை இழுக்கிறது. 230 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுத்தது 180 வோல்ட்டில் ஏறக்குறைய 6.4 ஆம்பியர் இழுக்கும். சுருளில் பிறக்கும் வெப்பமோ ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். மோட்டார் சுழலவே இயலாமல் முனகி நின்றுவிட்டால் எதிரழுத்தம் அறவே இல்லை. அப்போது ஓட்டம் வழக்கத்தைப்போல் ஐந்தாறு மடங்காகி, சிறிது நேரத்திலேயே சுருள் கருகிவிடுகிறது. மும்முனையில் ஒரு முனை அற்றுப்போனாலும் எஞ்சிய இரு முனைகள் அப்பாரத்தைச் சுமந்து எரிகின்றன.

ஆகவே ஸ்டார்ட்டரிலுள்ள ஓவர்லோடு ரிலேயையும், ஒருமுனை இழப்பைத் தடுக்கும் சாதனத்தையும் கழற்றிவிட்டு மோட்டாரை ஓட்டுவது கூடாது. ஊராட்சிக் குடிநீர் மோட்டார் ஒன்று எரிந்தால், அது பழுது பார்க்கப்படும்வரை ஊர் முழுவதும் குடத்தோடு அலைய நேரிடும். மோட்டார் அறையிலுள்ள வோல்ட் மீட்டரையும் ஆம்பியர் மீட்டரையும் தொட்டி இயக்குபவர் நாள்தோறும் பார்த்துக் குறித்து வைப்பாரானால், ஓட்டம் வழக்கத்தைவிட ஏறுவதை முன்கூட்டியே அறிந்து மோட்டாரைக் காப்பாற்றிவிடலாம்.

மனித உடலும் ஒரு தடையே

மின்சாரம் தாக்கும்போது உயிருக்கு ஊறு செய்வது உடலின் வழியே ஓடும் ஆம்பியர். உலர்ந்த தோலின் தடை பல ஆயிரம் ஓம். வியர்வையிலும் ஈரத்திலும் உடலின் தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. 230-ஐ 1,000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். மின்கசிவு தடுப்பான்கள் 30 மில்லி ஆம்பியரிலேயே சுற்றைத் துண்டிக்கும்படி அமைக்கப்பட்டுள்ளன என்றால், இவ்வோட்டம் எத்துணை அபாயமானது என்பது விளங்கும். வெறுங்காலோடு, நனைந்த வரப்பில் நின்று, ஈரக்கையால் ஸ்டார்ட்டரைத் தொடுபவர் தம் உடலின் தடையைத் தாமே குறைத்துக்கொள்கிறார்.

கம்பியின்மேல் அமரும் காக்கைக்கு ஒன்றும் நேர்வதில்லை. அதன் இரு கால்களும் ஒரே கம்பியில், ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் உள்ளன. வேறுபாடு இல்லாத இடத்தில் ஓட்டமும் இல்லை. தரையில் நிற்கும் நமக்கோ கைக்கும் காலுக்கும் இடையே அழுத்தம் முழுவதும் நிற்கிறது.

எர்த் என்னும் நிலத்தொடர்பு இதற்கெனவே ஏற்பட்டது. மோட்டாரின் உள்ளே காப்புப் பழுதாகி மின்சாரம் அதன் இரும்பு உடலுக்கு வந்துவிட்டால், அது மனித உடலைத் தேடாமல் எளிய வழியில் நிலத்திற்குப் போய்விட வேண்டும். ஆனால் எர்த் கம்பி இருப்பது மட்டும் போதாது. அதன் தடையும் குறைவாக இருத்தல் வேண்டும். எர்த் குழியின் தடை 5 ஓம் எனில் 46 ஆம்பியர்வரை ஓடி பியூஸ் உருகிவிடும். கோடையில் குழி வறண்டு தடை 100 ஓம் ஆனால் ஓடுவது 2.3 ஆம்பியர் மட்டுமே. 5 ஆம்பியர் பியூஸ் அசையாது, மோட்டார் ஓடிக்கொண்டேயிருக்கும், தொடுபவர் உயிருக்கு உத்தரவாதமில்லை. எர்த் குழியில் உப்பும் கரியும் இட்டு, கோடையில் தவறாது நீர் ஊற்றச் சொல்வதன் காரணம் இதுவே. இத்துடன் மின்கசிவு தடுப்பானையும் பொருத்திக்கொண்டால், பியூஸ் அறியாத சிறு கசிவையும் அது அறிந்து கணத்தில் துண்டித்துவிடும்.

வேலியில் விடும் மின்சாரம்

காட்டுப் பன்றிக்கு அஞ்சி, வயல் வேலிக் கம்பியில் 230 வோல்ட் மின்சாரத்தை நேரடியாகச் செலுத்தும் கொடிய வழக்கம் சில இடங்களில் உள்ளது. 2023-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இத்தகைய வேலியில் சிக்கி மூன்று யானைகள் மடிந்தன. இரவில் நீர் பாய்ச்சச் சென்ற விவசாயிகளும் இவ்வாறான வேலிகளில் உயிரிழந்ததுண்டு. இது சட்டப்படி குற்றமுமாகும்.

முறையான சூரியசக்தி வேலியில் பல ஆயிரம் வோல்ட் உள்ளதே, அது மட்டும் கொல்லாதா என்று சிலர் வினவுவர். அதன் கருவி சுமார் ஒரு விநாடிக்கு ஒருமுறை, கண்ணிமைக்கும் நேரத்தினும் மிகக் குறுகிய துடிப்பாக மட்டுமே மின்சாரத்தை அனுப்புகிறது. அதில் அடங்கிய சக்தி மிகச் சிறிது. விலங்கு அதிர்ந்து விலகிவிடுகிறது. நேரடி மின்சாரமோ இடைவிடாது ஓடுகிறது. தசைகள் இறுகிப் பிடித்துக்கொள்வதால் தொட்டவர் கையை எடுக்கவும் இயலாது.

நாம் செய்ய வேண்டுவன

இவற்றையெல்லாம் அறிந்தபின் ஒவ்வொரு கிராமத்திலும் சில ஏற்பாடுகளை நாம் செய்துகொள்ளலாம். ஊராட்சி மோட்டார் அறைகளிலும் தெருவிளக்குப் பெட்டிகளிலும் உள்ள எர்த் இணைப்புகளை மாசி மாதத்திற்குள் தகுதி பெற்ற மின்பணியாளரைக் கொண்டு அளந்து பார்க்கச் செய்தல் வேண்டும். அளவறிந்த பியூஸ் கம்பியன்றி வேறெதையும் பொருத்தலாகாது. கொடிக் கம்பியை மின்கம்பத்திலோ சர்வீஸ் கம்பியைத் தாங்கும் குழாயிலோ கட்டலாகாது. அறுந்து விழுந்த கம்பியருகே எவரையும் விடாமல் காவல் நின்று, மின்வாரியப் பிரிவு அலுவலகத்திற்கு உடனே தெரிவிக்க வேண்டும். வீட்டில் ஒருவரை மின்சாரம் பற்றிக்கொண்டால் அவரை வெறுங்கையால் தொடாது, முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். அது இயலாதபோது மட்டும் உலர்ந்த பலகைமேல் நின்று உலர்ந்த கட்டையால் கம்பியை விலக்கலாம். உயரழுத்தக் கம்பியாயின் உலர்ந்த கட்டையும் காவாது. விலகி நிற்பதே வழி.

இரண்டு மின்கலம், ஒரு சிறு பல்பு, சில முழக் கம்பி ஆகியவை இருந்தால் பள்ளியிலும் மகளிர் குழுக் கூட்டத்திலும் இம்மூன்று அளவைகளையும் கண்முன் காட்டிவிடலாம். நீண்ட மெல்லிய கம்பியைச் சேர்த்தால் வெளிச்சம் மங்குவதைக் குழந்தைகளே கண்டு சொல்வர். கிராமசபைக் கூட்டங்களிலும் இப்பொருளைக் குறித்துச் சிறிது நேரம் ஒதுக்கி, வரும் கோடைக்கு முன்னரே நம் ஊர் எர்த் குழிகளுக்கு நீர் ஊற்றும் பொறுப்பை இன்னாருக்கு என்று வகுத்துக்கொள்வோமாக.